சுமைதாங்கிக் கல்லருகே நின்ற வண்டி

நனைந்த வைக்கோலின் வாசமும் லைசால் மருந்து நெடியும் ஒன்றாய்ச் சேர்ந்து எப்போதாவது மூக்கில் ஏறும். மழைநாளில் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி வாசலில் மாட்டு வண்டி நின்றால் போதும். அப்புறம் நான் எங்கே நிற்கிறேன், கையில் என்ன பை, யாரைப் பார்க்க வந்தேன் என்பதெல்லாம் நழுவிப் போகும். ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதத்துப் பகல். குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் போகிற ரோட்டில் ஒரு கூண்டு வண்டி. உள்ளே வைக்கோல் மேல் ஒருக்களித்துக் கிடக்கிறேன். சாரல் படுதாவைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. என் தலைமாட்டில் ஒரு தகரப் பெட்டி, அதிலிருந்து அந்த நெடி.

நான் கீழப்பாவூர்ப் பக்கத்துப் பெண். தாயில்லாமல் வளர்ந்தவள். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய், சீயக்காய், துண்டு விற்கிற கடைக்காரருக்கு என்னை இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். முதல் தாரம் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார்கள். நானும் மேலே கேட்கவில்லை. காய்ச்சலில் யார்தான் போகவில்லை.

கடைக்குப் பின்னால் வீடு. சீசன் காலத்தில் அருவிச் சத்தம் சுவருக்குள்ளேயே ஓடுவது போல இருக்கும். அதனால் அந்த வீட்டில் எல்லாரும் உரக்கவே பேசுவார்கள், உப்பு கேட்பதைக்கூட. போனவளைப் பற்றி மட்டும், அருவிக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலத் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். நான் வந்ததும் நிறுத்திக்கொள்வார்கள்.

கல்யாணமாகி வந்த அன்றைக்கு ஒன்று நடந்தது. தென்காசி ரோட்டில் மருத மரங்கள் இருள் கட்டி நிற்கிற ஒரு வளைவில், அத்தை, அதாவது என் மாமியார், எட்டி வண்டிப் படுதாவை இறக்கிவிட்டார். "காத்து அடிக்கி" என்றார். காற்றே இல்லை. படுதா இறங்குவதற்குள் நான் பார்த்துவிட்டேன். நட்டு வைத்த இரண்டு கல், அவற்றின் மேல் குறுக்கே படுத்த ஒரு கல். சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையைச் சரித்து வைத்து இளைப்பாறுகிற கல். எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் இந்தக் கல் புதியது, பாசி பிடிக்கவில்லை. நடுவில் எண்ணெய்க் கறை.

அந்தப் பக்கங்களில் சுமைதாங்கியை யாரும் சும்மா நட மாட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோனவளுக்காக நடுவது அது. சுமையை இறக்காமலே போனவள். வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை அங்கே இறக்க இறக்க, அவளுடையதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பது நம்பிக்கை. எனக்கும் அது தெரியும். தெரிந்தும் அதையும் என்னையும் சேர்த்து நான் நினைக்கவில்லை.

எனக்கு வயிறு மேடிட்டபோது பிறந்த வீட்டில் அழைத்துப் போக ஆளில்லை. பிரசவம் குற்றாலத்தில்தான் என்றாயிற்று. ஒருநாள் விறகுக்காரி கொல்லையில் கட்டைப் போட்டுவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி, வெயிலைப் பற்றிச் சொல்வது போல அத்தையிடம் சொன்னாள்.

"ஒங்க மூத்த மருமவ கல்லுல எறக்கி வச்சிட்டுத்தான் வாறேன். அது இல்லன்னா இந்தக் கட்டு கழுத்த முறிச்சிருக்கும். மவராசி."

அத்தை அவளை அடக்குவதற்குள் என்னைப் பார்த்துவிட்டார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகை நான் கீழே வைத்தேன். அருவிச் சத்தம் மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீடு எனக்கு வேறொருத்தியின் அளவுக்குத் தைத்த சட்டையாகிவிட்டது. சேலை போடும் கொடி என் கைக்கு எட்டாது. நான் குதிகாலை உயர்த்தித்தான் எட்டுவேன். அவள் உயரமாக இருந்திருக்கிறாள். அம்மியில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம். அவள் இடக்கைக்காரியாக இருந்திருக்க வேண்டும். வலக்கையால் அரைக்கும்போதெல்லாம் குழவி என்னை மீறி அந்தப் பள்ளத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். நான் விடுவேன். அது அங்கே போய் நின்ற பிறகு என் கைக்குத் திருப்புவேன். இந்த வீட்டில் எனக்கு முன்னால் ஒருத்தி சுமந்தாள், இறக்கவில்லை. அடுத்தது நான். இரவில் அல்ல, பட்டப்பகலில், சோறு வடிக்கும்போது இந்த எண்ணம் வரும்.

நர்ஸம்மா வந்தது அப்போதுதான். வீட்டுக்குள் அல்ல, கடைக்கு. அரசாங்கத்துத் தாய்சேய் விடுதியில் மருத்துவச்சி. நாசரேத்துப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தகரப் பெட்டி. வாட்டசாட்டமான ஆள். எண்ணெய் வாங்குகிற சாக்கில் நின்றுகொண்டு, கடைக்குப் பின்வாசலில் உட்கார்ந்திருந்த என் காலையே பார்த்தார்.

"ஏட்டி, கொலுசு எங்க?"

"இறுக்குதுக்கா. கழத்தி வச்சிட்டேன்."

"மெட்டி?"

"அதுவும்."

குனிந்து என் கெண்டைக்காலுக்கு முன்னால் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மாவில் பதிந்தது போல. அந்தக் குழி நிரம்புகிற வரைக்கும் அவர் அதையே பார்த்தார். என் வீட்டுக்காரர் தராசின் முன் நின்றார். எண்ணெய்க் குப்பியை நீட்டியபோது நர்ஸம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, குப்பியைத்தான் பார்த்தார். இருவருக்கும் ஏதோ பழைய கணக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

"உப்பக் கொற. ஊறுகா, கருவாடு பக்கமே போகாத. இடது பக்கமா சாஞ்சு படு. நாளைக்கு வருவேன்" என்று போய்விட்டார்.

அத்தை அன்றைக்கு நெடுநேரம் புலம்பினார். "அவ கால் வச்சா வெளங்காது. ஒருத்திய அவதாம்லா வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போனா. திருப்பிக் கொண்டாந்தது என்னத்த?"

அப்படியும் நர்ஸம்மா மறுநாள் வந்தார். மறுநாளுக்கு மறுநாளும். கடைக்கு. அத்தை உள்ளேயிருந்து பாத்திரத்தை உருட்டிக்கொண்டே இருப்பார். நர்ஸம்மா அந்தச் சத்தத்தோடே பேசுவார். "ஒங்க மாமியா என்னமா மேளம் வாசிக்கா. எனக்குத்தான் வாசிக்கா, வாசிக்கட்டும்."

எனக்குத் தலைவலி தொடங்கியது. கண்ணோரத்தில் வெள்ளிப் பொடி தூவியது போல மின்னும். அந்த மினுக்கத்துக்குள், இடது பக்கத்தில், ஒருத்தி நிற்பாள். உயரமானவள். திரும்பினால் இருக்க மாட்டாள். கொடியில் கை வைத்தபடி நிற்பது போல இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூத்தவள் வந்து பிடித்துவிட்டாள் என்று கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். சொல்லாவிட்டால் அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அந்த இரண்டுக்கும் நடுவில் சில நாள் இருந்தேன். பிறகு தாங்காமல் நர்ஸம்மாவிடம் சொன்னேன்.

பிரமை என்று சொல்வார், வேதக்காரர் ஆச்சே, ஜெபம் பண்ணு என்பார் என்று நினைத்தேன். அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம் நிக்கா?"

"இடது பக்கம்."

"தல வலிக்கும்போதா, வலிக்காதப்பவா?"

"வலிக்கும்போது."

"சரி. இனிமே அவ வந்தா ஒடனே எனக்கு ஆள் அனுப்பு. எந்த நேரமானாலும் சரி. ஒளிக்காத."

அவ்வளவுதான். அவளை விரட்டவில்லை. அவள் வந்தால் வருகிற சேதியை மட்டும் கேட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அவள் எப்படிப் போனாள் என்று அப்போது கேட்டேன்.

நர்ஸம்மா உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்துவிட்டு, அத்தைக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். அவளுக்கும் கால் வீங்கியது. அவளுக்கும் கண்ணில் மின்னியது. பிறகு கை கால் வெட்டியிழுத்தது. பேய் என்று நினைத்து வேப்பிலை அடித்தார்கள். உடுக்கை அடித்தார்கள். நர்ஸம்மாவைக் கூப்பிட்டபோது அவளுக்கு நினைவே இல்லை. வண்டியில் போட்டுத் தென்காசிக்குக் கொண்டுபோனார். அந்த மருத மரத்து வளைவில், நர்ஸம்மாவின் மடியில் தலை வைத்தபடி அடங்கிப் போனாள். அந்த இடத்தில்தான் கல்.

"பேசுறதுக்கு அவளுக்கு வாய் இருந்தப்ப யாரும் என்னக் கூப்புடல. ஒனக்கு வாய் இருக்கு. அதான் வித்தியாசம்" என்றார்.

உள்ளே அத்தை அழுகிற சத்தம் கேட்டது. அது வரைக்கும் அவர் அழுது நான் கேட்டதில்லை.

அந்த ஆடி மாதத்துப் பகலில் அவள் வந்தாள். இந்த முறை கண்ணோரத்தில் இல்லை, நேர் எதிரே. தலை பிளந்தது. நான் ஆள் அனுப்பினேன். நர்ஸம்மா, நான் பார்த்து முதல் தடவையாக, வீட்டுக்குள் வந்தார். யாரையும் கேட்கவில்லை. என் சிறுநீரைக் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். தண்ணீர் போல இருந்த அது கொதித்ததும் வெளுத்து, திரிந்து, முட்டை வெள்ளை போலக் கெட்டியாயிற்று. அத்தை சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவர் கண்ணுக்கு அது மந்திரம். எனக்கும்தான். என் உடம்பிலிருந்து அப்படி ஒரு வெள்ளை வருமென்றால் உள்ளே என்ன இருக்கிறதோ என்று கிடந்தேன்.

"தென்காசிக்குப் போகணும். இப்பவே."

"அந்த ரோட்டுலயா? அவ கல்லத் தாண்டியா? நான் விடமாட்டேன். கோடாங்கிக்குச் சொல்லியாச்சு" என்றார் அத்தை.

"ஏம்மா, ஒரு தடவ அவன் வந்தான், நான் பிந்தி வந்தேன். இந்தத் தடவ நான் முந்தி வந்துட்டேன். அவன் பிந்தி வரட்டும்."

என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். பேசவே தெரியாத மனிதர் என்று நான் நினைத்திருந்தவர். அம்மாவையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல், "வண்டி கட்டச் சொல்லுதேன்" என்றார்.

சீசனுக்கு வந்தவர்களின் கார்கள் வரிசையாக நின்றன. நர்ஸம்மா ஒன்றைக் கேட்டுப் பார்த்தார். முதலாளி அருவியில் நிற்கிறார், வந்தால்தான் எடுக்க முடியும் என்று டிரைவர் சொன்னான். "அவரு நனைஞ்சு முடியட்டும்" என்று திரும்பிவிட்டார். வீட்டுக்காரரைச் சைக்கிளில் முன்னால் அனுப்பி ஆஸ்பத்திரியில் சொல்லி வைக்கச் சொன்னார். அப்படித்தான் அந்தக் கூண்டு வண்டியில் நான், நர்ஸம்மா, வண்டிக்காரர் மூன்று பேராகக் கிளம்பினோம்.

ஊரைத் தாண்டுவதற்குள் வலி எடுத்துவிட்டது. அருவிச் சத்தம் மெல்லப் பின்வாங்கியது. அந்தச் சத்தம் இல்லாமல் நான் பல மாதம் இருந்ததில்லை. காது அடைத்தது போல ஒரு வெறுமை. சாரல்கூடச் சத்தமில்லாமல் விழுந்தது. மருத மரங்களின் இருட்டு படுதா வழியாக உள்ளே வந்தது. வண்டி நின்றது.

"என்னவே, நிறுத்திட்டீரு?"

"நான் நிறுத்தலம்மா. மாடு நின்னுட்டுது."

"தட்டி ஓட்டும்."

"தட்ட மாட்டேன். அன்னைக்கும் இங்கனதாம்லா நின்னுது. தெரியாத மாதிரி கேக்கியளே." வண்டிக்காரர் குரல் உடைந்திருந்தது. அன்றைக்கும் அவர்தான் ஓட்டியிருக்கிறார். இறங்கிப் போய்த் தூரத்தில் நின்றுகொண்டார்.

அந்த நேரம் பார்த்து வலி இடுப்பைப் பிடித்து முறுக்கியது. படுக்க முடியவில்லை. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கிறேன். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். என் இரண்டு கையும் நீண்டுபோய்ப் பிடித்தது அந்தக் குறுக்குக் கல்லை.

பிள்ளைத்தாச்சி தொடக் கூடாத கல். வண்டிக்காரர் "அம்மா, அம்மா" என்று முனகினார். நர்ஸம்மா என்னை இழுக்கவில்லை. பின்னால் வந்து இரண்டு உள்ளங்கையையும் என் இடுப்பில் ஊன்றி அழுத்தினார். வலி அந்தக் கைகளுக்குள் கொஞ்சம் போய் அடங்கியது. சாரலில் அத்தனை நேரம் நனைந்த கல் சில்லென்று இருக்க வேண்டும். இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்து போன இடம் போலக் கதகதவென்றிருந்தது.

"மூச்ச விடு மக்கா. மெல்ல விடு. விடு."

விட்டேன். அப்போதுதான் கேட்டது. என் மூச்சு ஒன்று. என் பிடரியில் பட்ட நர்ஸம்மாவின் மூச்சு ஒன்று. கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொன்று. ஆழ்ந்து தூங்குகிறவர்களின் குறட்டை போலக் கனமாக, நடுவில் ஒரு இடத்தில் சிக்கிச் சிக்கி வந்தது. மாடுகளா என்று பார்த்தேன். மாடுகள் எனக்குப் பின்னால் நின்றன, காதை நிமிர்த்திக்கொண்டு. நான் இழுக்கும்போது அதுவும் இழுத்தது. நான் விடும்போது அது விட முடியாமல் சிக்கியது.

"விடு மக்கா. விடு. விடு" என்று நர்ஸம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு விட்டாயிற்று. அவர் சொல்வதை நிறுத்தவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ. ஒரு கட்டத்தில் அந்த மூச்சு, சிக்கிய இடத்தைத் தாண்டி, நீளமாக ஒருமுறை வெளியே போனது. பிறகு வரவில்லை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. உள்ளங்கைக்குக் கீழே கல் குளிர்ந்திருந்தது.

வலி தளர்ந்ததும் நர்ஸம்மா என்னைத் தூக்காத குறையாக வண்டியில் ஏற்றினார். குடையை மடக்கி உள்ளே போட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாட்டுக்கு முன்னால் போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். நனைந்த வெள்ளைச் சேலை முன்னால் நடந்தது. மாடுகள் மறுபேச்சில்லாமல் பின்னால் நடந்தன. வண்டிக்காரர் கொஞ்ச தூரம் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தென்காசி ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் பிறந்தாள். நரங்கலாக, கைக்குள் அடங்குகிற அளவில், ஆனால் நல்ல குரலோடு. பிள்ளை பிறந்த பிறகு எனக்கும் ஒருமுறை கை கால் வெட்டியதாம். துணி சுற்றிய கரண்டியைப் பல்லுக்கு நடுவே கொடுத்து, ஊசி போட்டு, அறையை இருட்டாக்கி என்னை மீட்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. கண் விழித்தபோது நர்ஸம்மா கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வேலை விடுதியோடு முடிந்தது. அங்கே இருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அதற்குப் பிறகு நான் மூத்தவளைப் பார்க்கவில்லை. கொடியைத் தாழ்த்திக் கட்டச் சொன்னேன். அத்தை பேத்தியை இடுப்பைவிட்டு இறக்கியதில்லை. ஆனால் நர்ஸம்மாவோடு கடைசி வரைக்கும் பேசவில்லை. சில மனிதர்களின் பயம் நன்றிக்கு இடம் விடுவதில்லை. அதற்காக அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளை தவழத் தொடங்கியபோது நர்ஸம்மாவுக்குக் கடையத்துக்கு மாற்றலாயிற்று. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். தகரப் பெட்டி பஸ் மேலே ஏறிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "தலைக்கு மேல நிக்கி வெயில், பிள்ளையக் கொண்டாந்திருக்கா பாரு" என்று ஏசினார். பிள்ளை கையை நீட்டி அவர் கண்ணாடியைப் பிடுங்கியது.

இன்று எனக்கும் வயதாகிவிட்டது. பயந்து கிடக்கிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் 'பயப்படாதே' என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. நர்ஸம்மா ஒருநாளும் என்னிடம் அதைச் சொன்னதில்லை. நான் பயந்த இடத்துக்குள் வந்து, என் பின்னால் நின்று, இடுப்பைத் தாங்கிக்கொண்டார். எனக்கு உயிர் இருக்கிறதென்றால் அந்த இரண்டு உள்ளங்கையின் சூட்டில் இருக்கிறது.

அன்று பஸ் உறுமிக் கிளம்பப் போனபோது, அத்தனை மாதம் கேட்க முடியாததைக் கேட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்னைக்குக் கல்லுக்கிட்ட இன்னொரு மூச்சு கேட்டுதே, ஒங்களுக்கும் கேட்டுதா?" என்றேன்.

அவர் பிள்ளையின் விரலிலிருந்து கண்ணாடியை மெல்ல விடுவித்து மாட்டிக்கொண்டார். என் கைமேல் கை வைத்தார்.

"கேட்டுது மக்கா. கடைசியா என் மடியில அவ அப்படித்தான் மூச்சு விட்டா. அன்னைக்கு விடு விடுன்னு அவளுக்கும் சேத்துத்தான் சொன்னேன்."